அளந்து பார்க்க வேண்டாமா?

எச்.ஐ.வி. என்னும் கிருமியைப் பற்றியும், அதற்கு நடைபெறும் வைத்தியத்தைப் பற்றியும் நாம் தலையங்கம் எழுதப் புகுவது சிலருக்கு அருவருப்பாகவும், சிலருக்கு அனாவசியமாகவும் தோன்றலாம். "சர்க்கார்தான் இலவசமாக மருந்து கொடுக்கின்றதே, இன்னும் என்ன வேண்டும்?" என்று கேட்பவர்களும் உண்டு. மருந்து கொடுக்கப்படுகின்றது என்பது வாஸ்தவம். அதை நாம் மறுக்கவில்லை, பாராட்டவும் பாராட்டுகின்றோம். ஆனால், கொடுத்த மருந்து உடம்புக்குள் போய் வேலை செய்கின்றதா இல்லையா என்பதைக் காலா காலத்தில் அளந்து பார்க்கின்றார்களா, அளந்து கண்டதை நோயாளியிடம் சொல்லுகின்றார்களா என்பதுதான் நமது கேள்வி. இந்தக் கேள்வி, பெரிய பட்டணங்களில் ஆஸ்பத்திரி வாசலிலேயே குடியிருப்பவர்களைவிட, தாமிரபரணிக் கரையில் ஏரல் போன்ற ஊர்களில் அன்றாடம் உழைத்துப் பிழைக்கும் ஜனங்களையே அதிகமாகப் பொறுத்தது. ஆதலால் ஏரலை முன்னிட்டே இவ்விஷயத்தைப் பேசுகின்றோம்.

திருநெல்வேலிச் சீமையில் விவசாயம் செய்கின்ற எவரும் காலையில் பத்திரிகையைப் பிரித்தால் முதலில் தேடுவது பாபநாசம் அணையின் நீர்மட்டத்தைத்தான். பாபநாசத்தின் முழு அளவு 143 அடி, மணிமுத்தாற்றின் முழு அளவு 118 அடி என்பது பள்ளிக்கூடம் போகாதவர்களுக்கும் தெரியும். இன்றைக்கு எத்தனை அடி, நேற்றைக்கு எத்தனை அடி, எவ்வளவு வருகின்றது, எவ்வளவு திறந்து விட்டிருக்கின்றார்கள் என்று விசாரித்த பிறகுதான் ஏரல் பக்கத்தில் வாழைக்கு மண் வெட்டுவார்கள், நெல்லுக்கு நாற்றுப் பாவுவார்கள். "மலையில் மேகம் கறுத்திருக்கின்றது, ஆகவே அணை நிரம்பியிருக்கும்" என்று ஊகித்துக் கொண்டு விதை நெல்லை எவரும் வயலில் கொட்டுவதில்லை. கண்ணால் காண்பது வேறு, அளவு கல்லில் காண்பது வேறு என்பது நமது குடியானவர்களுக்கு யாரும் கற்றுக் கொடுக்காமலேயே தெரிந்திருக்கின்றது.

அப்படிப்பட்ட ஊரில், ஒரு மனிதனுடைய உயிரைப் பற்றிய விஷயத்தில் மாத்திரம், "ஆள் பார்ப்பதற்குத் தெளிவாய்த்தான் இருக்கின்றான், மருந்து வேலை செய்கின்றது போலிருக்கின்றது" என்று முகத்தைப் பார்த்தே முடிவு கட்டிவிடலாமா?

இக்கிருமி உடம்புக்குள் என்ன செய்கின்றது என்பதைச் சுருக்கமாகச் சொல்லுவோம். நமது இரத்தத்தில் நோயை எதிர்த்து நிற்கும் அணுக்களில் சி.டி.4 என்று ஒரு வகை உண்டு. கிருமி அதற்குள் புகுந்து தன்னைத்தானே நகல் எடுத்துப் பெருகி, அந்த அணுவையும் அழித்துவிடுகின்றது. நகல் எடுக்கும்போது பிழைகள் ஏராளமாய் ஏற்படுகின்றன. மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டு வந்தால் நகல் எடுப்பதே நின்றுவிடும்; பிழைக்கும் இடமில்லை. மருந்து அடிக்கடி விட்டுப் போனாலோ, நகல் எடுப்பது மறுபடியும் தொடங்கி, அந்தப் பிழைகளுள் ஏதேனும் ஒன்று அம்மருந்துக்கு அடங்காத கிருமியாய் அமைந்து, அதுவே பெருகிவிடும். அதற்குப் பிறகு எவ்வளவு ஒழுங்காக அதே மாத்திரையை விழுங்கினாலும் பலன் இல்லை.

இதில் கவனிக்க வேண்டியது என்னவென்றால், கெடுதி வருகின்ற வரிசைதான். முதலில் இரத்தத்தில் கிருமியின் எண்ணிக்கை ஏறுகின்றது. பல மாதங்கள் சென்ற பிறகே சி.டி.4 அணுக்கள் குறைகின்றன. அதற்கும் பிறகுதான் எடை குறைவதும், இருமலும், காய்ச்சலும், க்ஷயமும் வருகின்றன. உடம்பைப் பார்த்து வைத்தியம் பார்ப்பவர் வெள்ளம் வீட்டுக்குள் வந்த பிறகு விழிக்கின்றவர். சி.டி.4 அணுவை எண்ணுகின்றவர் தண்ணீர் தெருவுக்கு வந்ததும் விழிக்கின்றவர். கிருமியையே எண்ணுகின்றவர்தான் அணையில் அடியைப் பார்த்து முன்கூட்டியே தெரிந்து கொள்ளுகின்றவர். ஆனதினால்தான் உலக சுகாதார ஸ்தாபனம் 2013-ஆம் வருஷத்தில், கிருமியை எண்ணிப் பார்ப்பதே மேலான முறை என்று எல்லாத் தேசங்களுக்கும் எழுதிற்று.

இனி நமது நாட்டில் இவ்விஷயம் நடந்து வந்திருக்கும் விதத்தைப் பார்ப்போம். 1986-ஆம் வருஷத்தில், "இந்த நோய் மேல்நாட்டாருடையது, நமது புண்ணிய பூமியில் வராது" என்று பெரிய மனிதர்கள் பேசிக் கொண்டிருந்த காலத்தில், சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமன் அம்மையாரும், அவரிடம் படித்துக் கொண்டிருந்த நிர்மலா அம்மையாரும் அந்தப் பேச்சை நம்பியிருக்காமல் இரத்தத்தை எடுத்து, வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டு போய்ச் சோதித்துப் பார்த்தார்கள். கிருமி இருந்தது. புண்ணிய பூமி என்ற பேச்சு ஒரு கண்ணாடிக் குழாய்க்கு முன்னால் நிற்கவில்லை. ஏரலை உள்ளடக்கிய தூத்துக்குடி ஜில்லா திருநெல்வேலியிலிருந்து பிரிக்கப்பட்டதும் அதே 1986-இல்தான். ஆக, ஜில்லாவுக்கு என்ன வயதோ, இந்நாட்டில் இந்நோயைப் பற்றிய அறிவுக்கும் அதே வயதுதான்.

2001-ல் பம்பாய் சிப்லா கம்பெனியார் இந்நோய்க்கான மூன்று மருந்துகளையும் ஒரு நாளைக்கு ஒரு டாலருக்கும் குறைவாகத் தருகின்றோம் என்று சொல்லி உலகத்தைத் திகைக்க வைத்தார்கள். ஆனால், மருந்து செய்த இந்நாட்டின் ஏழைகளுக்குச் சர்க்காரின் இலவச மருந்து 1-4-2004-ல்தான், அதுவும் எட்டே ஆஸ்பத்திரிகளில், தொடங்கப்பட்டது. தாம்பரம் ஆஸ்பத்திரி அவற்றில் ஒன்று. பிறகு திருநெல்வேலி, தூத்துக்குடி மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகளிலும் மருந்து மையங்கள் வந்தன. 2017-ல் சி.டி.4 எவ்வளவாயிருந்தாலும் நோய் கண்ட உடனேயே மருந்து என்று உத்தரவாயிற்று. ஆயினும், மருந்து சாப்பிடும் எல்லோருக்கும் கிருமியை எண்ணிப் பார்ப்பது என்ற ஏற்பாடு 2018-ல்தான் தொடங்கப்பட்டது. அதாவது, இலவச மருந்து வந்து 14 வருஷங்கள் சென்ற பிறகு! அந்தப் பதினான்கு வருஷங்களிலும் பணக்காரன் காசு கொடுத்துத் தன் இரத்தத்திலுள்ள கிருமியை எண்ணித் தெரிந்து கொண்டான். ஏழைக்கோ சி.டி.4 எண்ணிக்கைதான்; மருந்து பலிக்கவில்லை என்று டாக்டருக்குச் சந்தேகம் வந்தால்தான் கிருமியின் எண்ணிக்கை. உயிர் ஒன்றுதான், நோய் ஒன்றுதான், மருந்தும் ஒன்றுதான்; அளவு மாத்திரம் மடிக்குத் தக்கபடி இரண்டு!

இந்த இடத்தில் சிலர் ஆப்பிரிக்காவைக் காட்டிச் சமாதானம் சொல்லக்கூடும். உகாண்டா, ஜிம்பாப்வே ஆகிய தேசங்களில் 2003 முதல் 2008 வரையில் 3,316 பேரை வைத்து, டார்ட் என்ற பெயரால் ஓர் ஆராய்ச்சி நடந்தது. ஒரு பாதிப் பேருக்கு ஒழுங்காய் இரத்தச் சோதனை செய்து முடிவுகளை டாக்டர்களிடம் கொடுத்தார்கள். மற்றொரு பாதிப் பேருக்கு உடம்பின் நிலையைப் பார்த்தே பெரும்பாலும் வைத்தியம் நடந்தது. ஐந்து வருஷத்தில் முதல் பாதியில் நூற்றுக்கு 90 பேரும், இரண்டாவது பாதியில் நூற்றுக்கு 87 பேரும் உயிரோடிருந்தார்கள். "பார்த்தீர்களா, வித்தியாசம் மூன்றுதான், சோதனை என்பது ஆடம்பரம்" என்று சொல்லுவார்கள்.

அந்த ஆராய்ச்சி ஒரு பெரிய உண்மையைச் சொன்னது என்பதை நாமும் ஒப்புக்கொள்ளுகின்றோம். சோதனைச்சாலை இல்லை என்ற காரணத்தால் ஒருவருக்கும் மருந்தை நிறுத்தி வைக்கக்கூடாது என்பதே அந்த உண்மை. யந்திரம் வரட்டும் என்று காத்திருந்தால் மனிதன் செத்துப் போவான். ஆனால், மருந்து முதலில், சோதனை பிறகு என்பது ஒன்று. மருந்து போதும், சோதனை ஏழைக்கு வேண்டியதில்லை என்பது மற்றொன்று. முன்னது அறிவு, பின்னது கஞ்சத்தனம். அன்றியும், அந்த ஆராய்ச்சியில் எண்ணிப் பார்த்து வைத்தியம் செய்தது சி.டி.4 அணுவைத்தானே ஒழிய, கிருமியை அல்ல. அப்படியிருந்தும் நூற்றுக்கு மூன்று பேர் அதிகமாகப் பிழைத்தார்கள். மூன்று என்பது காகிதத்தில் சிறிய எண்ணாயிருக்கலாம். அம்மூவருள் ஒருவருடைய பிள்ளைகளைக் கேட்டால் அது சிறியதா பெரியதா என்பது தெரியும். 2023-ஆம் வருஷத்துச் சர்க்கார் மதிப்பீட்டின்படி இந்தியாவில் இக்கிருமியோடு வாழ்கின்றவர்கள் சுமார் 25 லட்சம் பேர். நூற்றுக்கு மூன்று என்ன ஆகும் என்பதை வாசகர்களே கணக்குப் போட்டுக் கொள்ளட்டும்.

நிற்க, சட்டப்படி இன்றைக்கு உள்ள ஏற்பாடு என்ன? மருந்து தொடங்கி 6-ஆவது மாதம் ஒரு சோதனை, 12-ஆவது மாதம் ஒரு சோதனை, அதன் பிறகு வருஷத்துக்கு ஒன்று. ஒரு மில்லி அளவில் கிருமி ஆயிரத்துக்கு மேற்பட்டிருந்தால், உடனே மருந்தை மாற்றாமல், ஏன் மருந்து விட்டுப் போகின்றது என்று நோயாளியிடம் விசாரித்து, யோசனை சொல்லி, மூன்று மாதம் கழித்து மறுபடியும் சோதித்து, அப்போதும் அடங்காவிட்டால் இரண்டாவது வரிசை மருந்துக்குப் போக வேண்டும். காகிதத்தில் இது நல்ல ஏற்பாடுதான். ஏரலிலிருந்து இதைப் பார்த்தால் எப்படியிருக்கும்?

ஏரல் கடைத்தெருவில் மூட்டை தூக்கும் ஒரு தொழிலாளியை எடுத்துக் கொள்ளுவோம். அவர் சோதனைக்கு இரத்தம் கொடுக்கத் தூத்துக்குடிக்கோ திருநெல்வேலிக்கோ போக வேண்டுமானால் அன்றைய கூலி போயிற்று. பஸ் சத்தம் போயிற்று. கடைக்காரரிடம் ஒரு பொய்யும் சொல்ல வேண்டும். அங்கே வரிசையில் நிற்கும்போது ஊர்க்காரர் யாராவது பார்த்துவிட்டால் மறுநாள் ஏரலில் மூட்டை தூக்கக் கூப்பிட ஆள் இருக்காது. இரத்தத்தைக் கொடுத்துவிட்டு வந்தால் முடிவு அன்றைக்கே வருவதில்லை. அது சோதனைச்சாலைக்குப் போய்த் திரும்பி வந்து ஒரு புஸ்தகத்தில் ஏற வேண்டும். அடுத்த தடவை அவர் போகும்போது, கூட்டத்தின் மத்தியில், "நல்லாயிருக்கு, போங்க" என்று ஒரு வார்த்தை சொல்லப்பட்டால் அதுவே அதிர்ஷ்டம். தன் கிருமி எத்தனை என்ற எண்ணை அவர் கேட்டதும் இல்லை. கேட்கலாம் என்று அவருக்கு யாரும் சொன்னதும் இல்லை. பாபநாசத்தின் அடியைத் தினமும் கேட்கின்றவர், தன் இரத்தத்தின் கணக்கை வருஷத்துக்கொரு முறைகூடக் கேட்க முடியாமலிருப்பது யாருடைய குற்றம்?

முடிவு நோயாளியிடம் போய்ச் சேராவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கு வெகு தூரம் போக வேண்டியதில்லை. பக்கத்து விருதுநகர் ஜில்லா சாத்தூரில் 2018 டிசம்பரில், சர்க்கார் ஆஸ்பத்திரியில் ஒரு கர்ப்பிணிப் பெண்ணுக்கு ஏற்றப்பட்ட இரத்தத்தில் இக்கிருமி இருந்தது. அந்த இரத்தத்தை அளித்த இளைஞர் இரண்டு வருஷங்களுக்கு முன்பும் இரத்தம் அளித்திருந்தார் என்றும், அப்போதே கிருமி கண்டுபிடிக்கப்பட்டிருந்தும் அவருக்குத் தெரிவிக்கப்படவில்லை என்றும் வெளியாயிற்று. அவரும் பிறகு உயிரோடில்லை. யந்திரம் தன் வேலையைச் செய்தது; எண்ணிச் சொல்லிற்று. அந்தச் சொல் ஒரு காகிதத்திலேயே தங்கிவிட்டது. அளந்து பார்த்து அலமாரியில் வைப்பது அளக்காமலிருப்பதைவிட மேலானதல்ல.

இனி 2023 டிசம்பர் 17, 18 தேதிகளின் வெள்ளத்தை ஏரல்வாசிகளுக்கு நாம் ஞாபகப்படுத்த வேண்டியதில்லை. பக்கத்துக் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டிற்று. தாமிரபரணி ஊருக்குள் புகுந்தது, கடைத்தெரு மூழ்கிற்று, பாலத்தின் வழி அற்றுப் போய் ஏரல் ஒரு தீவாயிற்று. அரிசியும் பாலும் இல்லை என்று எல்லோரும் வாய்விட்டுக் கேட்டார்கள், கேட்பதில் வெட்கமில்லை. ஆனால், மாத்திரைப் புட்டி தண்ணீரோடு போய்விட்ட ஒருவர், படகில் வந்த தொண்டர்களிடம், "எனக்கு இன்ன மருந்து வேண்டும்" என்று பத்துப் பேர் முன்னிலையில் கேட்டிருக்க முடியுமா? இரண்டொரு நாள் விட்டுப் போனதனால் உலகம் முழுகிப் போய்விடாது என்பதும், இப்போதைய டோலுடெக்ராவிர் மருந்து பழைய மருந்துகளைப் போல எளிதில் தோற்றுப் போவதில்லை என்பதும் உண்மையே. என்றாலும், விட்டுப் போன நாட்களில் என்ன நடந்தது என்பதை முகம் சொல்லாது, எடை சொல்லாது, ஜோசியனும் சொல்லமாட்டான். இரத்தத்தை அளந்தால்தான் தெரியும். வெள்ளம் வடிந்ததும் வீடுகளைக் கணக்கெடுத்தார்கள், வாழையைக் கணக்கெடுத்தார்கள். அது போல இதையும் கணக்கெடுக்க ஓர் ஏற்பாடு வேண்டாமா?

இவ்வளவுக்கும் குறுக்கே நிற்பது பணமும் தூரமும் மாத்திரமல்ல, வெட்கமும் தலைவிதியும்தான். நோய் வந்தவனைப் பார்த்து, "செய்த பாவம் அனுபவிக்கின்றான்" என்கின்றார்கள். அவன் மனைவியைப் பார்த்து, "அவள் தலையெழுத்து" என்கின்றார்கள். கணவன் கொண்டு வந்த கிருமியைத் தாலியோடு சேர்த்து வாங்கிக் கொண்ட பெண்களையே, "இவள் ஒழுங்காயிருந்தால் இது வருமா?" என்று கேட்ட மாமியார்களும் இந்நாட்டில் உண்டு. கற்பு என்பதைப் பெண்ணுக்கு மாத்திரம் எழுதி வைத்த சமூகம், நோய் வந்தபோதும் பழியைப் பெண்ணுக்கே எழுதிற்று. இதைப் பொறுக்க மாட்டாமல்தான், நாமக்கல் பக்கத்திலிருந்து வந்த கௌசல்யா அம்மையாரும் அவரைப் போன்ற வேறு சிலரும் 1998-லேயே, இக்கிருமியோடு வாழும் பெண்களுக்கென்று ஒரு சங்கத்தை அமைத்துத் தங்கள் முகத்தை மறைக்காமல் வெளியே வந்தார்கள். நாம் சுயமரியாதை என்று சொல்லுவது அதைத்தான்.

பாவத்தை அளக்க ஒரு கருவி இதுவரையில் எவனும் செய்ததில்லை. கிருமியை அளக்கக் கருவி இருக்கின்றது. அந்தக் கருவியே வெட்கத்துக்கும் மருந்தாகின்றது என்பதைப் பலர் அறியார்கள். சென்னை, புனா உள்பட ஒன்பது தேசங்களின் நகரங்களில் 1,763 ஜோடிகளை வைத்து நடந்து 2011-ல் வெளியான ஆராய்ச்சியில், உடனே மருந்து தொடங்கியவர்களிடமிருந்து துணைவருக்குக் கிருமி தொற்றுவது நூற்றுக்கு 96 பங்கு குறைந்தது என்று கண்டார்கள். அதற்குப் பின் வந்த ஆராய்ச்சிகள், அளந்து பார்க்கையில் தென்படாத அளவுக்குக் கிருமி அடங்கியவரிடமிருந்து உடலுறவின் மூலம் பிறருக்குத் தொற்றுவதில்லை என்றே காட்டிவிட்டன. ஆகவே, அந்த எண் வெறும் டாக்டர் கணக்கல்ல. "என்னால் என் மனைவிக்குக் கெடுதி இல்லை" என்று ஒரு மனிதன் தலை நிமிர்ந்து சொல்லுவதற்குரிய அத்தாட்சி அது. அந்த அத்தாட்சியை அவன் கையில் கொடுக்காமல் வைத்திருப்பது அவன் மானத்தைப் பிடித்து வைத்திருப்பதாகும்.

சட்டம் இல்லாமலில்லை. 2017-ல் எச்.ஐ.வி. சட்டம் இயற்றப்பட்டு, 10-9-2018-ல் அமலுக்கு வந்தது. வேலையிலிருந்து தள்ளக்கூடாது, ஆஸ்பத்திரியில் ஒதுக்கக்கூடாது, சம்மதமின்றிச் சோதிக்கக்கூடாது, இரகசியத்தை வெளியிடக்கூடாது என்றெல்லாம் அதில் இருக்கின்றது. மிகவும் சந்தோஷம். ஆனால், சோதனை வசதியும் மருந்தும் கொடுக்கின்ற இடத்துக்கு வந்ததும் "இயன்ற வரையில்" என்று ஒரு வார்த்தையைப் போட்டுக் கொண்டார்கள். வரி வாங்கும்போது இயன்ற வரையில் என்று எந்தச் சர்க்காராவது சொன்னதுண்டா? அந்த வார்த்தையின் பலன் 2022-ல் தெரிந்தது. மருந்து தட்டுப்பட்டு, நோயாளிகளே டெல்லியில் எய்ட்ஸ் கட்டுப்பாட்டு ஆபீஸ் வாசலில் நாட்கணக்காக உட்கார்ந்து கேட்க வேண்டியதாயிற்று.

ஆகவே, நாம் கேட்பது பெரிய காரியமல்ல. முதலாவது, இரத்தம் எடுப்பது ஏரலிலேயே நடக்க வேண்டும். உள்ளூர்ச் சர்க்கார் ஆஸ்பத்திரியில், மற்ற நோயாளிகளுக்கு இரத்தம் எடுக்கும் அதே மேஜையில், தனிப் பலகை எதுவும் மாட்டாமல் எடுக்கட்டும். ஐஸ் பெட்டி வைத்து அனுப்ப முடியாத இடங்களில், காகிதத்தில் உலர வைத்த இரத்தத் துளியையே தபாலில் அனுப்பிச் சோதிக்கும் முறை ஆப்பிரிக்கத் தேசங்களில் நடந்து வருகின்றது. க்ஷயத்துக்குச் சளியைச் சோதிக்க வைத்திருக்கும் ஜீன்எக்ஸ்பெர்ட் யந்திரமே, உள்ளே போடும் குப்பியை மாற்றினால் இக்கிருமியையும் எண்ணும். இரண்டாவது, முடிவு இத்தனை நாளுக்குள் வர வேண்டும் என்று கெடு வைத்து, அந்த எண்ணை நோயாளியிடமே தனியாக, தமிழில், அர்த்தத்தோடு சொல்ல வேண்டும். மூன்றாவது, எண் ஏறியிருந்தால் அதட்டக்கூடாது. அதட்டினால் அடுத்த தடவை அவர் வரமாட்டார். மருந்து ஏன் விட்டுப் போயிற்று என்று விசாரிப்பதே வைத்தியம். நான்காவது, ஐப்பசி மழைக்கு முன்பாகவே மூன்று மாத மருந்தைக் கையில் கொடுத்துவிட வேண்டும்.

இதற்கெல்லாம் பணமும் ஆளும் எங்கே என்று கேட்பார்கள். ஏரலில் சேர்மனாயிருந்த ஒரு மனிதரின் பெயரால் கோவில் ஏற்பட்டு, ஆடி அமாவாசைக்கு ஜனங்கள் திரள்கின்றார்கள். அதற்கு ஸ்பெஷல் பஸ் விடச் சர்க்காருக்குப் பணமும் இருக்கின்றது, ஆளும் இருக்கின்றது. கூட்டத்துக்கு நூறு பஸ் விடுவது முடியும்போது, சில குப்பி இரத்தத்தை ஏரலிலிருந்து ஜில்லா ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போக ஒரு மோட்டார் சைக்கிள் விடுவது முடியாதா? அந்தக் காலத்து ஜனங்கள் ஒரு சேர்மனைச் சாமியாக்கினார்கள். இந்தக் காலத்து ஜனங்கள் அதிகாரிகளைச் சாமியாக்க வேண்டாம். கணக்குக் கேட்டால் போதும்.

மருந்து சாப்பிடும் தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. அடுத்த தடவை மையத்துக்குப் போகும்போது, "நன்றாயிருக்கின்றது" என்ற வார்த்தையோடு திரும்பாதீர்கள். "என் கிருமி எத்தனை? எப்போது எடுத்த சோதனை? அடுத்தது எப்போது?" என்ற மூன்று கேள்விகளையும் கேளுங்கள். அது பிச்சையல்ல, உரிமை. அணைக்கு எத்தனை அடி என்று கேட்டுப் பழகிய ஜனங்களுக்கு இது புதிய பாஷையும் அல்ல.